பழைய காரின் ரேடியேட்டரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி

ரேடியேட்டரைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலை இல்லை. நாலைந்து போல்ட், இரண்டு பெரிய ரப்பர் ஹோஸ், ஃபேனுக்குப் போகும் ஒரு ஒயர், அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் முறை செய்கிறவர்கள் பயப்படுவதெல்லாம் கழற்றும் இடத்தில்தான். ஆனால் வேலை முடிந்து இரண்டு நாளில் வண்டி மறுபடி சூடாகிறது என்றால், நான் பார்த்த வரையில் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: ஒன்று, கோளாறு ரேடியேட்டரிலேயே இல்லை. இரண்டு, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) நிரப்பும்போது உள்ளே காற்று தங்கிவிட்டது. மூன்று, ஓரத்தில் இருந்த ஏதோ ஒரு ரப்பரோ ஸ்பாஞ்சோ திரும்ப மாட்டப்படவில்லை. இந்த மூன்றுக்கும்தான் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன், போல்ட் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

முதலில், போனது ரேடியேட்டர்தானா?

வண்டி எப்போது சூடாகிறது என்று கவனியுங்கள். நெரிசலில் நிற்கும்போது டேஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள். ஃபேன் மோட்டார், அதன் ரிலே, ஃபியூஸ், ஃபேனை இயக்கும் சென்சார், இதில் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை. அதற்கு நேர்மாறாக, நின்றால் ஒன்றும் இல்லை, வேகமாகப் போகும்போதோ மேட்டில் ஏறும்போதோ முள் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கவோ, வெளியே தகடுகளுக்கு நடுவில் தூசியும் பூச்சியும் மண்டியிருக்கவோ வாய்ப்பு அதிகம். ஸ்டார்ட் செய்து சில நிமிடத்திலேயே முள் மேலே போய், கீழ் ஹோஸ் மட்டும் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். தெர்மோஸ்டாட் என்பது பெரும்பாலான கார்களில் 80 முதல் 90 டிகிரி செல்சியசுக்குள் திறக்கும் சின்ன வால்வு, ரேடியேட்டரை விட மிக மலிவான பொருள்.

வாட்டர் பம்பையும் ஒரு பார்வை பாருங்கள். அதன் அடியில் ஒரு சிறிய ஓட்டை இருக்கும், உள்ளே சீல் போய்விட்டால் அந்த ஓட்டை வழியாகத்தான் கசியும். அங்கே காய்ந்த கறை தெரிந்தால் ரேடியேட்டரை மாற்றியும் தண்ணீர் குறைந்துகொண்டேதான் இருக்கும். அப்புறம் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு. சைலன்சரில் சூடான பிறகும் அடர்த்தியான வெள்ளைப் புகை, ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற நுரை, குளிர்ந்த இன்ஜினை ரேடியேட்டர் மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்தவுடன் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி, இவற்றில் ஏதாவது தென்பட்டால் ரேடியேட்டர் வாங்கும் யோசனையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சோதியுங்கள்.

இதெல்லாம் இல்லை என்றால் ரேடியேட்டருக்கு வரலாம். 1980களிலிருந்து படிப்படியாக அலுமினிய கோர் (குழாய்களும் தகடுகளும் உள்ள நடுப்பகுதி), அதன் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் டேங்க் என்ற அமைப்புதான் பரவலாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் கேஸ்கெட் வைத்து, அலுமினிய ஓரத்தை மடித்து நசுக்கி இறுக்கியிருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்து அந்தப் பிளாஸ்டிக் கறுப்பிலிருந்து பழுப்பாகி மொறுமொறுப்பாகிவிடும். விரிசல் பெரும்பாலும் மேல் ஹோஸ் மாட்டும் வாயின் அடியில் அல்லது அந்த மடிப்பு ஓரத்தில் வரும். என்னுடைய பழைய காரில் வாரத்துக்கு அரை லிட்டர் குறைந்தது, தரையில் ஒரு சொட்டு கூட இல்லை. நான் ஹெட் கேஸ்கெட் என்றே முடிவு கட்டியிருந்தேன். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது மேல் மடிப்பு ஓரத்திலிருந்து தகடுகளின் மேல் வெள்ளைக் கோடு ஒன்று இறங்கியிருந்தது. சூடான தகட்டில் கசிந்த கூலன்ட் கீழே விழுமுன்பே ஆவியாகிக்கொண்டிருந்திருக்கிறது. அதனால் தரை காய்ந்திருப்பதை மட்டும் வைத்துக் கசிவு இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். இனிப்பான வாடை, வெள்ளை அல்லது பச்சைப் படிவம், ஈரத்தில் ஒட்டிய தூசி, இவைதான் அடையாளம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் பிரஷர் டெஸ்டர் என்ற கைப்பம்பை இரவல் வாங்குங்கள். குளிர்ந்த இன்ஜினில் மூடியின் இடத்தில் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை மட்டும் அடித்துவிட்டுப் பத்து நிமிடம் விட்டால் போதும். முள் இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது, அதே நேரத்தில் டார்ச்சோடு சுற்றிப் பார்த்தால் இடமும் தெரிந்துவிடும்.

ரேடியேட்டர் மூடியையும் குறைவாக நினைக்காதீர்கள். அதில் இரண்டு வால்வு இருக்கிறது. ஒன்று அழுத்தத்தைப் பிடித்து வைக்கும், இன்னொன்று இன்ஜின் குளிரும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உள்ளே இழுக்க வழி விடும். முதலாவது போனால் கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும். இரண்டாவது போனால் காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். பழைய மூடியோடு புது ரேடியேட்டரை ஓட்டுவதை நான் செய்வதில்லை.

ஒழுகலை அடைக்கும் பொடி, திரவம் எல்லாம் விற்கிறார்கள். வழியில் மாட்டிக்கொண்டு எப்படியாவது வீடு சேரவேண்டும் என்றால் சரி, மற்றபடி ஊற்றாதீர்கள். காருக்குள் சூடான காற்று தரும் ஹீட்டரிலும் இதே கூலன்ட்தான் ஓடுகிறது, ஓட்டையை அடைக்கும் அதே பொருள் அதன் மெல்லிய குழாய்களிலும் போய்ப் படியும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஒரே மாடலிலேயே மேனுவல் கியருக்கு ஒன்று, ஆட்டோமேட்டிக்குக்கு ஒன்று, ஏசி உள்ளதற்குத் தடிமனான ஒன்று என்று இருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பலவற்றுக்கு கியர் ஆயிலைக் குளிர்விக்கும் சின்னக் குழாய் ஒன்று ரேடியேட்டர் டேங்க்குக்குள்ளேயே இருக்கும், அதற்கு இரண்டு தனி வாய்கள் தெரியும். வாங்கிய உடனே, பழையதைக் கழற்றும் முன்பே, புதியதை வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஹோஸ் வாய்களின் விட்டமும் திசையும், அடியில் உள்ள குமிழ்களின் இடம், ஃபேன் கூண்டு (ஃபேனைச் சுற்றி இருக்கும் உறை) மாட்டும் ஓட்டைகள், சென்சாருக்கு மரை போட்ட துளை, டிரெயின் பிளக் (கூலன்ட்டை வடிக்க அடியில் இருக்கும் திருகு) கூடவே வந்திருக்கிறதா, மூடி உட்காரும் வாயின் ஆழம். கழற்றிப் போட்ட பிறகு ஒரு ஓட்டை பொருந்தவில்லை என்று தெரிந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

உங்கள் கார் இன்னும் பழையது, பித்தளையும் செம்பும் ஈயம் பற்ற வைத்த ரேடியேட்டர் என்றால், மாற்றுவதற்கு முன் அதைப் பழுது பார்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த வகையைப் பிரித்து, துப்புரவு செய்து, கோரை மட்டும் மாற்றிக்கூடத் திரும்ப ஈயம் வைக்கலாம். பிளாஸ்டிக் டேங்க் விரிசல் விட்டால் அப்படிச் செய்ய வழியில்லை, எபாக்சி பூசுவது சில நாள் ஓடும், அவ்வளவுதான்.

கூடவே மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப்கள், தெர்மோஸ்டாட்டும் அதன் கேஸ்கெட்டும், மூடி, இவற்றை வாங்கிவிடுங்கள். ஹோஸை அமுக்கிப் பாருங்கள். முனைகளில் ஸ்பாஞ்ச் போல அமுங்கினாலோ, உள்ளே நொறுங்குகிற சத்தம் கேட்டாலோ அது போய்விட்டது. எப்படியும் எல்லாவற்றையும் கழற்றத்தான் போகிறோம், அதே வேலையில் மாற்றிவிட்டால் கூடுதலாகப் பத்து நிமிடம்தான் ஆகும்.

கூலன்ட்டில் நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, நீலம் எல்லாம் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம், ஒரே நிறத்தில் வேறு வேறு ரசாயனம் இருக்கிறது. துருவைத் தடுக்கும் சேர்க்கைப் பொருள்தான் வகைக்கு வகை மாறுவது. ஒத்துப்போகாத இரண்டைக் கலந்தால் அந்தப் பாதுகாப்பு குறையும், சில நேரம் கூழாகிக் குழாயையே அடைக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும், அதை மட்டும் வாங்குங்கள். கலப்பது டிஸ்டில்டு வாட்டரோடு. குழாய்த் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் உள்ள உப்பு சூடான உலோகத்தின் மேல் படிந்து, குழாய்களை உள்ளிருந்து குறுகலாக்கும். பல பழைய ரேடியேட்டர்கள் செத்ததே வருடக்கணக்காக வெறும் தண்ணீர் ஊற்றியதால்தான்.

பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் சாதாரண காற்றழுத்தத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி போட்டால் அது 129 டிகிரிக்குப் பக்கத்தில் போகும். உறைவது மைனஸ் 37 டிகிரி வாக்கில். அதற்காகக் கூலன்ட்டை அதிகமாக்கினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம், வெப்பத்தை நன்றாகக் கடத்துவது தண்ணீர்தான். இரண்டும் சரிபாதி இருப்பதே பெரும்பாலான கார்களுக்குச் சரி.

தொடங்குவதற்கு முன்

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். கையை வைத்தால் சுடவில்லை என்பது போதாது, ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் ஆரம்பியுங்கள். சூடான இன்ஜினில் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலே இருந்தும் கொதிக்காமல் இருப்பது பெரும்பாலும் அழுத்தத்தால்தான். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும், ஒரு பகுதி சட்டென்று ஆவியாகி, கொதிக்கும் தண்ணீரோடு முகத்தின் மேல் பாயும். இது நடந்தவர்களின் கையையும் கழுத்தையும் பார்த்தவர்கள் அதன் பிறகு மூடி பக்கம் அவசரப்படுவதே இல்லை.

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். சில கார்களில் சாவி எடுத்த பிறகும் மின் ஃபேன் தானாகச் சுற்றும். ரேடியோவுக்கு ரகசிய எண் தேவைப்படும் வண்டி என்றால் முதலில் அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளையும் நாய் பூனைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், விலங்குகள் நக்கிவிடும், கொஞ்சமே போதும், சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். ஒரு வாளிக் கூலன்ட்டை மூடாமல் வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள்.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். முன்பக்கம் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது.

ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர், பிளேயர், அகலமான தட்டு, அளவுக் கோடு போட்ட கேன், புனல், பழைய துணி, ஒரு பெரிய அட்டை, இவ்வளவு இருந்தால் போதும். ஒவ்வொரு இடத்தையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாகக் கிளிப் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, ஒயர் எந்த வழியாகப் போனது என்பதை. முதல் முறை என்றால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள், பழகியவர்களுக்கு இரண்டு மூன்று மணி நேரம்.

வடித்து, கழற்றுவது

மூடியைத் திறந்துவிட்டு அடியில் தட்டை வைத்து டிரெயின் பிளக்கைத் திருகுங்கள். அது பழைய பிளாஸ்டிக், முறுக்கினால் தலை கையோடு வந்துவிடும். நகரவில்லை என்றால் சண்டை போடாமல் கீழ் ஹோஸைக் கழற்றிவிடுங்கள், கொஞ்சம் அதிகமாகச் சிந்தும், அவ்வளவே. வடிந்ததைக் கேனில் ஊற்றி எத்தனை லிட்டர் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண் பின்னால் மிகவும் உதவப் போகிறது. வடிந்தது துரு நிறத்தில் கலங்கியிருந்தால் இங்கேயே நிறுத்தி, கீழே ‘உள்ளே கழுவுவது’ பகுதியில் சொன்னதை முடித்துவிட்டு மேலே தொடருங்கள்.

அடுத்து ஹோஸ்கள். கிளிப்பைத் தளர்த்திப் பின்னால் தள்ளிவிட்டு, ஹோஸை நேராக இழுக்காமல் முதலில் வலமும் இடமுமாகத் திருகுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் புது ஹோஸ் வாங்கியிருப்பதன் பயன் இங்கேதான்: நீளவாக்கில் கத்தியால் ஒரு கீறு கீறி உரித்துவிடலாம். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்புவது ரேடியேட்டர் பக்கம் பரவாயில்லை, அதை எப்படியும் தூக்கிப் போடப்போகிறோம். ஆனால் இன்ஜின் பக்கத்து வாயில் அப்படிச் செய்தால் அலுமினியத்தில் கோடு விழுந்து அங்கே கசியும். சில பழைய கார்களில் கீழ் ஹோஸுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கும், பம்ப் உறிஞ்சும்போது ஹோஸ் சப்பிப் போகாமல் இருக்க. பழையதில் இருந்தது புதியதில் இல்லை என்றால் எடுத்து மாற்றிப் போடுங்கள்.

ஆட்டோமேட்டிக் என்றால் கியர் ஆயில் குழாய்களை இரண்டு ஸ்பேனர் வைத்துக் கழற்றுங்கள், ஒன்று ரேடியேட்டர் பக்க நட்டை அசையாமல் பிடிக்க, இன்னொன்று குழாய் நட்டைத் திருக. ஒரே ஸ்பேனரில் முயன்றால் குழாயே முறுக்கிக்கொண்டு நெளியும். கழன்றதும் முனைகளைச் சுத்தமான மூடியால் அடைத்துவிடுங்கள், கியர் பாக்ஸுக்குள் மண் போகக் கூடாது. ஒருவேளை கூலன்ட் இளஞ்சிவப்புப் பாலாடை போலக் குழம்பியிருந்தால் உள்ளே அந்தக் குழாய் ஓட்டையாகி ஆயிலும் தண்ணீரும் கலந்திருக்கிறது. அப்படியானால் ரேடியேட்டரை மட்டும் மாற்றி ஓட்டாதீர்கள், கியர் ஆயிலையும் முழுக்க மாற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அதை ஆட்டோமேட்டிக் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஃபேன் ஒயரைக் கழற்றி, கூண்டின் போல்ட்களை எடுத்து, ஃபேனை மேலே தூக்கி எடுத்துவிடுங்கள். இன்ஜினோடு சுற்றும் ஃபேன் என்றால் கூண்டை மட்டும் பின்னால் தள்ளி இடம் செய்துகொள்ளலாம். ஃபேனை இன்ஜினோடு இணைக்கும் விஸ்கஸ் கிளட்ச்சையே கழற்ற வேண்டியிருந்தால் நட் எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள், சில வண்டிகளில் இடது மரை.

ரேடியேட்டருக்கு முன்னால் அதே உருவத்தில் இன்னொன்று நிற்கும், அது ஏசியின் கன்டென்சர். அதன் குழாய்களைத் திறக்கவே கூடாது. உள்ளே கேஸ் அழுத்தத்தில் இருக்கிறது, பட்டால் தோல் உறைந்துபோகும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். ரேடியேட்டரோடு அதைப் பிணைத்திருக்கும் போல்ட்களை மட்டும் எடுத்துவிட்டு, கன்டென்சரை ஒரு கயிற்றால் முன்பக்கச் சட்டத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் அட்டையை நுழைத்துவிட்டால் தூக்கும்போது அதன் மெல்லிய தகடுகள் நசுங்காது.

இனி மேலே உள்ள இரண்டு பிடிமானங்களை எடுத்தால் ரேடியேட்டர் நேராக மேலே வரும். உள்ளே இன்னும் அரை லிட்டருக்கு மேல் தங்கியிருக்கும், சாய்த்தால் கொட்டும், கவனம்.

வெளியே வந்ததும் புதியதை உடனே இறக்கிவிடாதீர்கள். இந்தப் பக்கம் இவ்வளவு இடம் இனி எப்போது கிடைக்குமோ. கன்டென்சரின் முகத்தில் உள்ள குப்பையைப் பிரஷாலும் மெதுவான தண்ணீராலும் கழுவுங்கள், வேகமாக அடித்தால் தகடுகள் மடிந்துவிடும். வாட்டர் பம்ப் புல்லியைக் கையால் ஆட்டிப் பாருங்கள், பெல்ட்டின் உள்பக்க விரிசலைப் பாருங்கள், தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். தெர்மோஸ்டாட்டின் ஸ்பிரிங் பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். அதன் விளிம்பில் ஆடுகிற ஒரு சின்ன ஊசி இருந்தால் அது மேல் பக்கம் வரும்படி வையுங்கள், அந்தச் சந்து வழியாகத்தான் நிரப்பும்போது காற்று தப்பிக்கும்.

உள்ளே கழுவுவது

வடிந்த கூலன்ட் தெளிவாக இருந்தால் இதை விட்டுவிடலாம். துரு நிறத்தில் கலங்கி வந்தால், பழைய ரேடியேட்டர் வண்டியில் இருக்கும்போதே, அதாவது கழற்றும் முன்பே, வெறும் தண்ணீர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினைச் சூடாக்கி, மறுபடி முழுக்கக் குளிரவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும் வரை திரும்பச் செய்யுங்கள், கடைசித் தடவை டிஸ்டில்டு வாட்டரில். அந்தச் சேறு புது ரேடியேட்டரின் குழாய்களுக்குப் போகாமல் இருப்பதற்காகத்தான் பழையதை வைத்தே கழுவச் சொல்கிறேன். கழுவ எடுத்த தண்ணீரிலும் கூலன்ட் இருக்கிறது, அதையும் வாளியில் பிடியுங்கள்.

மாட்டுவது, அந்தச் சின்ன ரப்பர்கள்

பழைய ரேடியேட்டரைப் புதியதன் பக்கத்தில் படுக்க வையுங்கள். பழையதில் இருக்கும் ஒவ்வொரு துண்டையும் எடுத்து இதற்கு மாற்றுங்கள்: சென்சார் (புது வாஷரோடு), அடியில் இருக்கும் ரப்பர் புஷ், மேல் பிடிமான ரப்பர், ஓரங்களில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச் பட்டை, கூண்டின் கிளிப்கள்.

ரேடியேட்டர் காரின் சட்டத்தில் இறுக்கமாக நிற்பதே இல்லை. ரப்பரின் மேல் மிதக்கிறது. இன்ஜின் அதிர்வதும், சாலைக் குழியில் சட்டம் முறுக்குவதும் அதற்குப் போய்ச் சேராமல் அந்த ரப்பர்தான் தாங்குகிறது. ஒரு புஷ் இல்லாமல் வைத்தால் அலுமினியம் இரும்பில் உரசி, சில மாதத்தில் புது ரேடியேட்டரே ஓட்டையாகும். ரப்பர் கெட்டியாகி வெடித்திருந்தால் புதிது போடுங்கள். அந்த ஸ்பாஞ்ச் பட்டையின் வேலை வேறு. காற்று எப்போதும் சுலபமான வழியில்தான் போகும். ரேடியேட்டருக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் தகடுகளுக்குள் நுழையாமல் அந்த இடைவெளி வழியாகவே ஓடிவிடும். ஃபேன் கூண்டும் அதே காரணத்துக்காகத்தான், அது இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேராக உள்ள வட்டத்தின் வழியாக மட்டும் காற்றை இழுக்கும். கூண்டு உடைந்திருக்கிறது, பரவாயில்லை என்று விடாதீர்கள்.

அடிக் குமிழ்கள் ரப்பருக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு மேல் பிடிமானத்தைப் போடுங்கள். பிளாஸ்டிக்கில் இறங்கும் போல்ட்களைக் கையால் தொடங்கி, ஸ்பேனரால் கொஞ்சமாக இறுக்கி நிறுத்துங்கள். 10 எம்எம் தலை உள்ள சின்ன போல்ட்கள்தான் இவை, பலம் காட்டினால் மரை கையோடு வரும்.

ஹோஸ் மாட்டும் வாய்களைத் துடைத்து, கூலன்ட்டால் நனைத்து, ஹோஸை அடிவரை தள்ளுங்கள். கிரீஸ் போடாதீர்கள், ரப்பர் ஊறிப்போகும். வாயின் முனையில் ஒரு மேடான வளையம் இருக்கும், கிளிப் அந்த வளையத்தைத் தாண்டி உள்பக்கமாக உட்கார வேண்டும். வளையத்தின் மேலேயே உட்கார்ந்தால் அழுத்தம் ஏறும்போது ஹோஸ் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஸ்பிரிங் கிளிப் நல்ல நிலையில் இருந்தால் அதையே திரும்பப் போடுவது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் ரப்பர் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது அது தானாகவே பின்தொடர்ந்து இறுக்கும். திருகு கிளிப் போட்டால் ரப்பர் பிதுங்காத அளவு மட்டும் இறுக்குங்கள்.

நிரப்புவது: இங்கே அவசரம் வேண்டாம்

முதலில் கணக்கு. கையேட்டில் மொத்தக் கொள்ளளவு போட்டிருக்கும். அது 6 லிட்டர், நீங்கள் வடித்தபோது வந்தது 3.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மீதி 2.5 லிட்டர் இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தங்கியிருக்கிறது. வெறும் தண்ணீரால் கழுவியிருந்தால் அந்த 2.5 லிட்டரும் வெறும் தண்ணீர். இந்த நிலையில் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட்டை ஊற்றினால் உள்ளே மொத்தத்தில் 30 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும். அதனால் கழுவிய வண்டியில், கலக்காத கூலன்ட்டை மொத்தக் கொள்ளளவில் பாதி, அதாவது 3 லிட்டர், முதலில் ஊற்றிவிட்டு, மிச்ச இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். கழுவவில்லை, அதே வகைக் கூலன்ட்தான் உள்ளே இருக்கிறது என்றால் கலந்து வைத்ததையே ஊற்றலாம்.

இப்போது டிரெயின் பிளக் மூடியிருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். பேட்டரியை இணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். வால்வு உள்ள வண்டிகளில் அப்போதுதான் ஹீட்டர் குழாய்க்கும் கூலன்ட் போகும். முடிந்தால் வண்டியின் மூக்கைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்துங்கள், காற்று எப்போதும் மிக உயரமான இடத்தைத் தேடிப் போகும், அந்த இடம் ரேடியேட்டர் வாயாக இருக்கட்டும். தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டின் மேலோ மேல் ஹோஸிலோ காற்றை வெளியே விடும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் மட்டும் வரும் வரை வைத்து மூடுங்கள். ரேடியேட்டரில் மூடியே இல்லாத கார்களில் எல்லாம் எக்ஸ்பான்ஷன் டேங்க் வழியாகத்தான்.

மெல்ல ஊற்றுங்கள். நடுநடுவே மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையால் பிசைந்துவிடுங்கள், குபுக் குபுக்கென்று காற்று வரும். நிரம்பியதும் மூடி போடாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். முகத்தை வாய்க்கு நேராக வைக்காதீர்கள். முதலில் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும், ஏனென்றால் தெர்மோஸ்டாட் மூடியிருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும், மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது ஊற்றுங்கள். குமிழி நின்று, மட்டம் நிலைத்ததும் மூடியைப் போடுங்கள். பிறகு ஃபேன் தானாக ஓடி நிற்கும் வரை, அது இரண்டு முறை நடக்கும் வரை, வண்டியை ஓடவிடுங்கள்.

இந்த நேரம் முழுக்க டேஷ்போர்டு முள்ளையும் ஹீட்டர் காற்றையும் கவனியுங்கள். முள் ஏறிக்கொண்டே போகிறது, ஹீட்டரில் மட்டும் குளிர்ந்த காற்று வருகிறது என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அல்லது கூலன்ட் பற்றவில்லை. உடனே நிறுத்தி, முழுக்கக் குளிரவிட்டுத் திரும்ப நிரப்புங்கள். முள்ளை மட்டும் நம்பக் கூடாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. சென்சார் கூலன்ட்டில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும், அதைச் சுற்றிக் காற்று இருந்தால் இன்ஜின் கொதிக்கும்போதும் முள் நடுவிலேயே நிற்கலாம். ஹீட்டர் காற்று அப்படி ஏமாற்றாது.

கடைசியாக, எழுதி வைத்த எண்ணை எடுங்கள். பழைய ரேடியேட்டரிலிருந்து பிறகு கொட்டியதையும் சேர்த்து எவ்வளவு வெளியே வந்ததோ ஏறக்குறைய அவ்வளவு உள்ளே போயிருக்க வேண்டும். 3.5 லிட்டர் வந்து 2.5 லிட்டர்தான் போயிருக்கிறது என்றால் ஒரு லிட்டர் காற்று எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது. முதல் முறை நான் இந்தக் கணக்கைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய், பாதி வழியில் முள் மேலேறி, ஒரு மணி நேரம் ஓரமாக நிறுத்திக் குளிரவிட்டுத் திரும்பினேன். அன்று முதல் கேன் இல்லாமல் இந்த வேலையைத் தொடுவதில்லை.

ஓட்டிப் பார்த்த பிறகு

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி இருபது நிமிடம் போதும், கூடவே ஒரு பாட்டில் கலந்த கூலன்ட். திரும்பி வந்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு கிளிப்பையும் பாருங்கள். இரவு அடியில் சுத்தமான அட்டையை விரித்து வையுங்கள். மறுநாள் காலை, குளிர்ந்த இன்ஜினில், மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருப்பது சகஜம், மிச்சக் காற்று வெளியேறியிருக்கும். ஊற்றிவிட்டு ஒரு வாரம் தினமும் பாருங்கள். இரண்டாம் மூன்றாம் நாளுக்குப் பிறகும் குறைந்துகொண்டே போனால் கசிவு இருக்கிறது. திருகு கிளிப்களை ஒரு வாரம் கழித்துக் குளிர்ந்த நிலையில் ஒரு முறை சரிபாருங்கள், புது ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் கியர் ஆயில் மட்டத்தையும் பார்த்து, சிந்திய அளவுக்கு ஊற்றுங்கள்.

வடித்த கூலன்ட்டை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். மூடி உள்ள கேனில் அடைத்து, மேலே பெயர் எழுதி, பழைய ஆயில் சேகரிக்கும் இடத்தில் வாங்குகிறார்களா என்று கேட்டுக் கொடுங்கள். தரையில் சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுவதற்கு முன் மண்ணோ மரத்தூளோ போட்டு உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பழைய ரேடியேட்டரை மட்டும் இரண்டு வாரம் ஒரு மூலையில் வைத்திருங்கள். ஏதாவது வாஷர், கிளிப், ரப்பர் விட்டுப்போனது தெரியவந்தால் அது பெரும்பாலும் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.